மருந்து ரூமில் என்ன மருந்து?

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அன்பியக் கூட்டம். செபமாலை முடிந்து மன்றாட்டுகளுக்கான நேரம். ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள். ஒரு தாய் எழுந்து, "சிஸ்டர், எம்மகன் போன வாரத்திலருந்து மருந்து ரூம்ல வேலை பாக்குறான். அவனுக்காக வேண்டிக்கோங்க" என்றார். கூட்டத்தை வழிநடத்திய அருள்சகோதரி திருச்சூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். முகம் மலர்ந்து, "நல்ல வேலையாச்சே அம்மா, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி இல்ல சிஸ்டர். பட்டாசுக்கு மருந்து கலக்குற ரூம்."

கூட்டம் முடிந்த பிறகு சகோதரி என்னிடம் வருத்தப்பட்டார். "எங்க ஊர்லயும் பூரத்துக்கு வெடிக்கெட்டு உண்டு. ஆனா வீட்டுல நாங்க 'வெடிமருந்நு'ன்னு சேர்த்துத்தான் சொல்வோம். வெறுமனே 'மருந்நு'ன்னா அது காய்ச்சலுக்குச் சாப்பிடுறதுதானே?" என்றார். கேள்வி நியாயமானது. நான் பிறந்து வளர்ந்த பகுதியில் நாள் முழுவதும் காதில் விழும் இந்தச் சொல்லைப் பற்றி நானும் அதுவரை யோசித்ததில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம்முடைய ஊர் வழக்கு. 1923-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் என்பது இந்தப் பகுதியில் எல்லாரும் அறிந்த வரலாறு. பட்டாசு அதற்குப் பிறகு வந்தது. தீக்குச்சியின் தலையில் இருப்பதும் மருந்துதான், சரவெடிக்குள் இருப்பதும் மருந்துதான். பேன்சி ரகங்களுக்குச் சிறுசிறு மணிகளாக உருட்டிக் காயவைப்பது மணி மருந்து. கலக்குவது மருந்து ரூம். குழாய்க்குள் போடுவதற்குப் பெயர் மருந்து செலுத்துதல். செய்தித்தாளில் "மருந்து உராய்வினால் விபத்து" என்று வந்தால், விருதுநகர் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் பொருள் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் படித்தால், எந்த மருந்து எதோடு உராய்ந்தது என்று குழம்பிப்போவார்.

நம் மாவட்டத்தின் இன்னொரு சிறப்பு, இந்தச் சொல்லை மூன்று மொழிகளில் இங்கேயே கேட்கலாம் என்பது. சாத்தூர், இராஜபாளையம், சிவகாசி சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு அது 'மந்து'. அருப்புக்கோட்டை தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள். கன்னடத்தில் அது 'மத்து'. மோர் கடையும் மத்து அல்ல. 'பத்திரம்' என்பதில் நாம் தகரத்தை அழுத்தி ஒலிக்கிறோமே, அப்படி இல்லாமல் 'பந்து' என்பதில் வருகிற மெல்லிய தகரத்தை இரட்டித்துச் சொன்னால் கன்னடர் ஒலிப்பு கிடைக்கும். இவை நான்கும் தனித்தனிச் சொற்கள் அல்ல, ஒரே சொல்லின் நான்கு உருவங்கள். 'இருந்து' என்று நாம் சொல்வதை மலையாளத்தில் 'இருந்நு' என்பார்கள். பழங்கன்னடத்தில் அது 'இர்து' ஆகிப் பின்னர் 'இத்து' என்று திரிந்தது. அதே தடத்தில்தான் மருந்து, மருந்நு, மர்து, மத்து என்று இதுவும் போயிருக்கிறது. தெலுங்கு நடுவில் இருக்கும் 'ரு'வை உதிர்த்துவிட்டது. விருந்து என்ற சொல்லிலும் அது அப்படித்தான் செய்கிறது.

உருவம் மாறியது பெரிதல்ல, பொருளும் ஊருக்கு ஊர் சாய்ந்துவிட்டது. கன்னடத்தில் 'மத்துகுண்டு' என்றால் படைவீரர்கள் வைத்திருக்கும் வெடிமருந்தும் குண்டுகளும். தெலுங்கு 'மந்து' நோய்க்கும் உண்டு, துப்பாக்கிக்கும் உண்டு, வயலில் பூச்சிக்கும் உண்டு. அது போதாதென்று இன்றைய ஆந்திரப் பேச்சில் ஒருவர் "மந்து போட்டிருக்கிறார்" என்கிற தொனியில் பேசினால் அவர் குடித்திருக்கிறார் என்று பொருள். ஆந்திராவுக்குப் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு போகும் நம் ஊர் ஓட்டுநர், வண்டியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வெறுமனே "மந்து" என்று பதில் சொல்லாமல் இருப்பது நல்லது!

அப்படியானால் கரும்பொடியை மருந்து என்று சொல்வது நம் திராவிட மொழிகளுக்கு மட்டும் உரிய வழக்கமா? இல்லை. வெடிமருந்தைக் கண்டுபிடித்த சீனர்களே அதற்கு 'ஹுவோ யாவ்' என்று பெயர் வைத்தார்கள். 'ஹுவோ' என்றால் நெருப்பு, 'யாவ்' என்றால் மருந்து. நெருப்பு மருந்து! 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே சாகாமல் வாழ வழிதேடிய தாவோ மதத்து இரசவாதிகள் பலவற்றையும் கலந்து காய்ச்சிப் பார்த்தார்கள். கந்தகத்தையும் வெடியுப்பையும் இன்னும் சிலவற்றையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கியவர்களுக்குக் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனது என்று அக்காலத்து நூல் ஒன்று எச்சரிக்கிறது. சாவை வெல்ல ஒரு மருந்தைத் தேடினார்கள். கையில் கிடைத்தது இது.

மராத்தியில் 'தாரூ' என்றால் சாராயமும் உண்டு, வெடிமருந்தும் உண்டு. அந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் மருந்து.

ஐரோப்பாவின் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ், ஆங்கிலம் எல்லாம் அந்தக் குடும்பத்து உடன்பிறப்புகள், நம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் போல. ஜெர்மனியில் 'க்ராவ்ட்' என்றால் மூலிகை, கீரை. முட்டைக்கோசுக்கும் அதுவே பெயர். அதே சொல் சுவீடனுக்குப் போனால் 'க்ரூட்'. ஆனால் அங்கே அதற்கு மூலிகை என்ற பொருள் கிடையாது, வெடிமருந்து என்றுதான் பொருள். டென்மார்க்கிலும் அப்படியே. டச்சு மொழியில் இரண்டு பொருளும் நிலைத்துவிட்டன, ஒலியும் ஒன்றே. எழுதும்போது மட்டும் மூலிகைக்குக் கடைசி எழுத்தை ஒரு விதமாகவும் வெடிமருந்துக்கு வேறு விதமாகவும் எழுதிப் பிரித்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர் அல்ல. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றி, முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரின் ஆலயங்களில் கைவைத்தவர்கள்தானே! அவர்களுடைய கிடங்குகளில் கிராம்பு மூட்டைக்கும் துப்பாக்கிப்பொடிப் பீப்பாய்க்கும் காதுக்கு ஒரே ஒலியில் பெயர் இருந்திருக்கும்.

கிடங்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கப்பலில் வெடிமருந்து வைக்கும் அறைக்கு ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் 'சாந்தா பார்பரா' என்று பெயர். வெடிமருந்தோடு வேலை செய்பவர்களுக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் பீரங்கிப் படையினருக்கும் பாதுகாவலியான அதே புனித பார்பராதான். அவர் திருநாள் டிசம்பர் 4. பட்டாசுத் தொழிலாளர் நிறைந்த நம் பங்குகளில் இந்தப் புனிதையை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

சரி, ஏன் எல்லா ஊரிலும் மருந்து என்றே பெயர்? நாட்டு வைத்தியர் வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். இடிக்கிறார், அரைக்கிறார், சல்லடையில் சலிக்கிறார், தராசில் நிறுக்கிறார், கலக்குகிறார், உருட்டி நிழலில் காயவைக்கிறார். மருந்து ரூமிலும் இதே வேலைதான். சரக்கும் அதே சரக்குதான். பழைய கரும்பொடியின் கணக்கு, நூற்றுக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. வெடியுப்பு சித்த வைத்தியத்தில் நீரடைப்புக்குக் கொடுக்கப்படுவது. கந்தகம் சொறி சிரங்குக்குப் பூசப்படுவது. கரியும் குறைந்ததல்ல, நஞ்சு உட்கொண்டவருக்கு அதை உறிஞ்சி எடுக்க இன்றும் பெரிய மருத்துவமனைகளில் கரித்தூள்தான் கொடுக்கிறார்கள். மூன்றும் மருந்துக்கடைச் சரக்கு. மூன்றையும் ஒன்றாக்கினால் மலையைப் பிளக்கும். ஆகவே இந்தப் பெயர் பொய்ப்பெயர் அல்ல, ஏமாற்றும் பெயரும் அல்ல. செய்த கையையும் செய்யும் முறையையும் பார்த்து வைத்த பெயர்.

ஆனால் இதே சொல்லுக்கு இன்னொரு பயணம் உண்டு. அது வேறு வழியாக வந்தது. எலியைக் கொல்ல வைப்பதை எலி மருந்து என்கிறோம். எலிக்குக் காய்ச்சலா என்ன? பருத்திக்காட்டில் "மருந்து அடிக்கிறோம்". பருத்திக்கு வைத்தியம் என்றாலும் புழுவுக்கு நஞ்சு. ஊரில் ஒரு வீட்டில் துக்கம் நடந்து, "அந்தப் பிள்ளை மருந்தைக் குடிச்சிருச்சு" என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால், அதற்குமேல் நாம் கேட்பதில்லை. நஞ்சு என்று வாயால் சொல்ல மனம் கூசுவதால் மருந்து என்கிறோம்.

இப்படிக் கூசியவர்கள் நாம் மட்டுமல்ல. ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு என்று நமக்குத் தெரியும். அதே எழுத்துகளில் எழுதும் சொல் ஜெர்மனியில் நஞ்சைக் குறிக்கும். எழுத்து ஒன்று, வேர் ஒன்று. 'கொடுப்பது' என்பதே அடிப்படைப் பொருள். கிரேக்கத்தில் மருத்துவர் கொடுக்கும் அளவுக்கு 'தோசிஸ்' என்று பெயர். அதுவும் 'கொடுப்பது' என்ற சொல்தான்; இன்று நாம் "ஒரு டோஸ்" என்கிறோமே, அதன் தாய். அதைப் பார்த்து ஜெர்மானியரும் தங்கள் 'கிஃப்ட்' என்ற சொல்லை அந்தப் பொருளில் வழங்கினார்கள். கொடுக்கப்பட்ட ஒன்று என்று மங்கலாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது நஞ்சு என்றே நிலைத்துவிட்டது. பழைய பொருள் ஜெர்மனில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரிடம் 'மிட்கிஃப்ட்' என்ற சொல். அதன் பொருள் சீதனம். நம் ஊர் வரதட்சிணைக் கொடுமைகளை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்! சுவீடன் மொழியில் இதே எழுத்துகள் நஞ்சையும் குறிக்கும், திருமணமானவரையும் குறிக்கும். நாம் "பெண் கொடுத்த இடம்" என்கிறோமே, அந்தக் கொடுத்தல் அது.

திருவிவிலியம் எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இந்த இரட்டை முகம் உண்டு. 'ஃபார்மகோன்' என்றால் மருந்து, நஞ்சு இரண்டும். நிலத்திலிருந்து ஆண்டவர் மருந்துகளைப் படைத்தார் என்று சீராக்கின் ஞானம் சொல்லும் இடத்தில் (சீஞா 38:4) கிரேக்கப் பாடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். அதே வேரிலிருந்து வந்த 'ஃபார்மகேயா'வைத் தூய பவுல் ஊனியல்பின் செயல்களில் ஒன்றாக எண்ணுகிறார் (கலா 5:20). நம் மொழிபெயர்ப்பில் அது பில்லி சூனியம். மருந்து எப்படிச் சூனியம் ஆகும் என்று கேட்பவர்கள் நம் கிராமத்து 'இடுமருந்து'வை நினைத்துக்கொள்ளலாம். மருமகள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள், அதனால்தான் மகன் அவள் பேச்சைக் கேட்கிறான் என்று புலம்பும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றிலிருந்து அந்த மருந்தை எடுப்பதாகச் சொல்லிக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இது நடக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

இதற்கு நேர் எதிரில் நிற்பது இன்னொரு பயன்பாடு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைசாட்சியாக இறப்பதற்கு உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், எபேசு சபைக்கு எழுதிய மடலில் நற்கருணையை 'ஃபார்மகோன் அதனசியாஸ்' என்கிறார். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சாவா மருந்து'. அந்தச் சொல்லாட்சி நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்திலேயே, 82ஆம் குறளில் இருக்கிறது. அமிழ்தம் என்று பொருள். இஞ்ஞாசியார் தொடர்ந்து நற்கருணையை மாற்று மருந்து என்றும் சொல்கிறார். அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லும் கொடுத்தல் என்ற வேரிலிருந்தே வருகிறது: எதிராகக் கொடுக்கப்படுவது. சாகா வரம் தேடிய சீனர்களின் யாவ் ஒரு பக்கம், இஞ்ஞாசியாரின் ஃபார்மகோன் ஒரு பக்கம்.

இனி அறிவியலுக்கு வருவோம், ஏனென்றால் இது வெறும் சொல்விளையாட்டு அல்ல. டைனமைட்டுக்கு 1867-இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் நோபல், வெடிமருந்தை 'க்ரூட்' என்று சொல்லும் சுவீடன் நாட்டவர். டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். கடைசிக் காலத்தில் அவருக்கு இதயநோய் வந்தது. மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது அதே நைட்ரோகிளிசரின். மருந்துக்கடைக்காரரும் மக்களும் பயப்படக் கூடாது என்று அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று 1896-இல் எழுதிய கடிதத்தில் அவரே வேடிக்கையாகக் குறிப்பிட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரையும் அந்தக் குடும்பத்து நைட்ரேட்தான். கலப்பில்லாத நிலையில் அதுவும் வெடிக்கக்கூடியது. வேறு பொருளோடு கலந்து மிகச் சிறிய அளவில் கொடுப்பதால் இதயத்தைக் காக்கிறது.

பேரியமும் இப்படித்தான். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்முன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கரைசல் பேரியம் சல்பேட். அது நீரில் கரையாது, உடம்பில் சேராது. வாணவேடிக்கையில் பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட். அது கரையும், நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்சநீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே (95) வைத்திருக்கிறார். அதில் சூரணமோ லேகியமோ கிடையாது. பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறார். மருந்து ரூமிலும் அளவுதான் உயிர். ஓர் அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எந்த நேரம் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இரும்புக் கரண்டி கூடாது, கீழே ரப்பர் விரிப்பு வேண்டும், நைலான் துணி ஆகாது. அன்று கலந்தது அன்றே தீர வேண்டும். மீந்ததை மறுநாளைக்கு வைத்தால், ஈரம் பட்ட அலுமினியப் பொடி உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி மருந்து காலாவதியாக ஆண்டு கணக்கு. இந்த மருந்துக்கு ஒரு பொழுது. விதிக்கு மேல் ஆட்களும் சரக்கும் சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர்; தீயைப் பார்க்கவும் உதவவும் ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். நம் பங்குகள் பலவற்றில் அந்த ஊர்களுக்கு உறவு உண்டு.

சொல் குழம்புவதால் வரும் ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீக்காயத்தோடு ஒருவரை மதுரைக்கோ வேறு ஊருக்கோ தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பதற்றத்தில் "கண்ணுல மருந்து பட்டுருச்சு" என்கிறார்கள். "மருந்து வயித்துக்குள்ள போயிருச்சு" என்றும் சொல்வதுண்டு. பணியில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ வேறு மாவட்டத்தவராக இருந்தால் சொட்டு மருந்து என்று நினைக்கலாம், பூச்சிமருந்து என்று நினைக்கலாம். அந்தச் சில நிமிடங்கள் முக்கியமானவை. "பட்டாசு மருந்து" என்று முழுதாகச் சொல்லுங்கள். அலுமினியப் பொடியா, கந்தகமா, பேரியமா, அன்று எதைக் கையாண்டார் என்று போர்மேனிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

அந்தச் சகோதரி மூன்று ஆண்டுகள் எங்கள் பங்கில் பணியாற்றினார். பட்டாசு ஆலைக்குப் போகும் வீடுகளுக்கெல்லாம் சென்று, யார் எந்த வேலை செய்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தார். திரி வெட்டுகிறவர், பெட்டி ஒட்டுகிறவர், சரம் பின்னுகிறவர், மருந்து கலக்குகிறவர் என்று தனித்தனியாக. மாறுதலாகிப் போகும்போது அந்த நோட்டை அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். மருந்து என்ற தலைப்பில் 11 பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அந்தத் தாயின் மகனுடையது. இப்போது அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.